முந்நூறு டயர்களும் முக்கால் கிலோமீட்டர் தமிழ்நாடும்

ஐப்பசியில் கொட்டும் துலாமழை ஓய்ந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலைப் பக்கம் போய்வந்தேன். இந்தத் தளத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும், என் பயணங்கள் சிறியவை. காலையில் நாகர்கோவிலில் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். இந்த முறை பார்க்கப் போனது கோயிலையோ அருவியையோ அல்ல. முந்நூறு பழைய டயர்களை லாரியில் ஏற்றி அனுப்புவதை. இதைப் பயணக் கட்டுரை என்று சொல்லலாமா என்று நிறைய யோசித்தேன். லாரியில் ஏறி, ஒரு மாநில எல்லையைப் பின்னோக்கிக் கடந்து, மதியம் மீன்குழம்பும் சாப்பிட்டுத் திரும்பியதால் சொல்லலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். தவறென்றால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

அழைத்தவன் வில்சன். என் மனைவி லில்லியின் தம்பி. பாறசாலையிலிருந்து குன்னத்துகால் போகும் வழியில், சாலையோரத்தில் டயர் கடை வைத்திருக்கிறான். என் மாமனார் தொடங்கிய கடை அது. பஞ்சர் ஒட்டுவது, காற்று அடிப்பது, தேய்ந்த டயரை மாற்றிக் கொடுப்பது. மாற்றிய பழைய டயரை வாடிக்கையாளர் கொண்டுபோவதில்லை. அது கடைக்குப் பின்னால் போய்விடும். இப்படியே சேர்ந்து சேர்ந்து முந்நூறைத் தாண்டிவிட்டது. இந்த மழையில் அந்தத் தெருவில் இரண்டு வீட்டில் டெங்குக் காய்ச்சல். சுகாதார ஆய்வாளர் வந்து ஒரு டயரைச் சாய்த்தார். உள்ளே தேங்கிய நீரில் புழுக்கள் நெளிந்தன. பதிவு பெற்ற வண்டியில், பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்கு அத்தனை டயர்களும் போய்ச் சேர வேண்டும். சேர்ந்த சான்றை அடுத்த திங்கட்கிழமை காலை காட்ட வேண்டும். இல்லையென்றால் கடையைப் பூட்டி முத்திரை வைப்பார்கள்.

"அத்தான், சனிக்கிழமை லாரி வருது. நீங்க ஒண்ணு வந்து நிக்கணும். இங்கிலீசுல என்னென்னவோ எழுதி அனுப்பியிருக்கினும். நீங்க கூட நிண்ணா எனக்கொரு தைரியமாக்கும்" என்றான் தொலைபேசியில்.

என்னால் யாருக்கும் தைரியம் வந்ததாக எனக்கு நினைவில்லை. கல்லூரியில் நாற்பது வருடம் கணிதம் நடத்திய காலத்திலும் பின்வரிசையில் சத்தம் கேட்டால் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிற ஆள் நான். ஆனால் வில்சனிடம் அதைச் சொல்ல முடியுமா? வாறேன் என்று சொல்லிவிட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து காலை ஆறரை மணிப் பயணிகள் ரயில். கட்டணம் பத்து ரூபாய். பாறசாலை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். வண்டியின் இடது பக்கம் காலியாக இருக்கும். அங்கே உட்காருங்கள், வெயில் படாது. (வண்டி நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. என்னை நம்பாமல் முதல் நாள் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.) குழித்துறை தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். பால் வடிக்கச் சிரட்டை கட்டிய மரங்களைப் பார்க்கும்போது அன்று எனக்கு வேறொரு நினைப்பும் வந்தது. இங்கே சொட்டுவதுதானே எங்கெங்கோ போய் டயராகி, உலகம் சுற்றித் தேய்ந்து, கடைசியில் வில்சனின் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர்கிறது. எட்டே கால் மணி ஆகிவிட்டது பாறசாலையில் இறங்க. நடுவே ஒரு விரைவு வண்டிக்கு வழிவிட்டு நின்றதில் அரை மணி போய்விட்டது. நிலையத்திலிருந்து கடைக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய்.

கடை இருக்கும் இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எதிரே பேருந்து நிறுத்தம். எனக்குக் கல்யாணமான புதிதில், நானும் லில்லியும் விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது மாமனார் எங்களை இங்கேதான் பேருந்து ஏற்றிவிடுவார். அப்போது எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேறு பேருந்து பிடிக்க வேண்டும். நாங்கள் ஏறினோமா இல்லையா என்று வீட்டுக்குத் தெரிய வழி கிடையாது. கடிதம் வர நான்கு நாளாகும். மாமனார் அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். அந்தத் தடத்தில் ஓடிய பேருந்துகளின் கண்டக்டர்கள் எல்லோரும் அவர் வாங்கித்தரும் டீயைக் கடை வாசலில் நின்று குடிப்பவர்கள். எங்களை இறக்கிவிட்டு வண்டி திரும்பி வரும்போது, கண்டக்டர் படியில் நின்றபடியே கடையைப் பார்த்துக் கத்துவார்: "மோளும் மருமகனும் அங்கே வண்டி ஏறியாச்சு!" வண்டி நிற்காது. மாமனார் கையை உயர்த்துவார். அதன் பிறகுதான் வீட்டுக்குச் சாப்பிடப் போவாராம். லில்லி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் எங்கே போனாலும், அது வெறும் பதினைந்து கிலோமீட்டர் என்றாலும், தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்பாள்: "சேர்ந்தாச்சா?" அவள் போய் மூன்று வருடமாகிறது.

வில்சன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். அறுபத்தொரு வயது. லாரி ஏற்கெனவே வந்திருந்தது. ஓட்டுநர் பினு, ஒற்றசேகரமங்கலத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். ஏற்றுவதற்கு நான்கு ஆட்கள்.

இந்த ஏற்பாடு எனக்குப் புரிந்த அளவில் இதுதான். பழைய டயரைச் சாதாரணக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. எரித்தால் அந்தக் கரும்புகை ஊரையே மூடும், போட்டுவைத்தால் கொசு. எனவே அதை எடுத்துப்போகும் வண்டியும், வாங்கும் ஆலையும் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஏற்றும்போது நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். போகும் வழியை முன்கூட்டியே சொல்ல வேண்டும். லாரியில் இருக்கும் கருவி, வண்டி எங்கே போகிறது, எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும். எடைமேடையில் எடை, ஆலையில் மறுபடி எடை. நடுவழியில் நான்கு டயரை யாருடைய தோட்டத்திலாவது தள்ளிவிட்டுப் போக முடியாது. எங்கள் லாரி போக வேண்டிய ஆலை கொல்லம் தாண்டி ஒரு தொழிற்பேட்டையில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். தாமதமானால் திங்கட்கிழமை மதியம்தான் இறக்குவார்கள். திங்கட்கிழமை காலையிலோ ஆய்வாளர் வந்து நிற்பார்.

"இத்தனை பாடு எதற்கு, வேறு வழியில்லையா?" என்று கேட்டேன்.

"வழி உண்டு அத்தான். ரெண்டுபேரு வந்தினும். ஒரு வேன் கொண்டு வாறோம், நீரு கண்ண மூடிக்கிடும், தொறந்து பாத்தா ஒரு டயறும் காணாதுண்ணு சொன்னினும். எங்க போவும்ணு கேட்டேன். அது உமக்கு எதுக்குண்ணு கேட்டினும். ஒண்ணுகில் எவனுக்கோ செங்கல் சூளையில எரியும், இல்லெங்கில் பாறைக்குழியில கெடக்கும். பிறவு ஞாயித்துக்கிழமை நான் சபையில எந்த மொகத்த வச்சுகிட்டு இருக்குதது?"

டயர்களை ஏற்றி முடிக்கப் பத்தே முக்கால் ஆனது. ஒவ்வொரு டயரையும் கவிழ்த்து நீரை வடித்து ஏற்றினார்கள். தரையெல்லாம் கறுத்த சேறு. பெரிய லாரி டியூப் ஒன்று அடியில் கிடந்து மட்கிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் வில்சன் சிரித்துவிட்டான். "அத்தானுக்கு நினைவு உண்டா? அரிசி!"

எனக்கு நினைவு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து அரிசி கொண்டுவரத் தடை இருந்த காலம். சோதனைச் சாவடியில் பேருந்தை நிறுத்தி இருக்கைக்கு அடியிலெல்லாம் துழாவுவார்கள். பெண்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு வருவார்கள். இந்தக் கடைக்கு ஒட்டப்போடுவதற்கென்று வரும் டியூப்களில் சில, உருண்டு வரும்போதே சலசலவென்று சத்தம் போடும். மாமனார் எதுவும் கேட்கமாட்டார். வெட்டி, அரிசியைச் சுளகில் கொட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டிவிடுவார். அன்றைக்கு டயருக்குள் இருப்பதைத் தேடினார்கள். இன்றைக்கு டயரையே தேடிக்கொண்டு பின்னால் வருகிறார்கள். எனக்கு அந்த அரிசியின் ரப்பர் வாசனைகூட வந்தது. சோறாக்கினாலும் போகாத வாசனை. லில்லி முகம் சுளித்துக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவாள்.

லாரி கிளம்பியது. நான் பினுவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழிகாட்ட வில்சன் ஸ்கூட்டரில் முன்னால் போனான். அனுமதி வாங்கிய வழி நேரான பெரிய சாலை. சந்திப்பு வரை போய், இடதுபுறம் திரும்பி, பாறசாலை வழியாக தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, அமரவிளையில் எடைமேடை. ஒரு குழப்பமும் இல்லாத வழி. ஆனால் சந்திப்புக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால், ஒரு ரப்பர் ஷீட் உலர்த்தும் கூடத்தின் பக்கத்தில், வில்சன் சட்டென்று இடதுபுறம் ஒரு சிறிய தார்ச்சாலையில் இறங்கினான். பினுவும் பின்னாலேயே திருப்பினார். நாற்பது வருடமாக வில்சன் கடையிலிருந்து கிளம்பினால் போகும் வழி அது. பாறைக்குழியைச் சுற்றி வளைந்து மறுபடி பெரிய சாலையில் ஏறும். சந்திப்பின் நெரிசலைத் தவிர்க்கலாம்.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. மின்கம்பத்தின் எண் வேறு மாதிரி எழுதியிருந்தது. ஒரு ரேஷன் கடையின் பெயர்ப்பலகை முழுக்கத் தமிழில் இருந்தது. அந்த வளைவு தமிழ்நாட்டுக்குள் போய் வருகிறது என்று லில்லி எப்போதோ சொன்ன ஞாபகம். ஆனால் நான் சொல்லி, அது தப்பாக இருந்தால்? வண்டி ஓட்டுகிறவரைக் குழப்பினதாக ஆகுமே? சொல்லலாமா என்று வாயைத் திறப்பதற்குள் பினுவின் தொலைபேசி அடித்தது.

திருவனந்தபுரத்தில் வண்டிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண். பினு ஒலிபெருக்கியில் போட்டார். "பினு, வண்டி இப்போ தமிழ்நாட்டிலாணல்லோ! அவிடெ நிறுத்து. ஒரடி முன்னோட்டு போகருது." ஓரடிகூட முன்னால் போகாதே என்கிறார்.

"என்றெ மேடமே, ஞான் வில்சன் சேட்டன்றெ பின்னாலெயல்லே வந்நது" என்று, வில்சனின் பின்னால் வந்ததைச் சொல்லிப் பினு தலையில் கை வைத்துக்கொண்டார்.

வண்டி நின்ற இடம் ஒரு டீக்கடைக்கு நேர் எதிரே. வேறு எங்கே நின்றிருந்தாலும் பிழைத்திருப்போம். கேரளா எண் போட்ட லாரி, மேலே தார்ப்பாய், உள்ளே மலைபோல் கழிவு, அதுவும் பாறைக்குழிக்குப் பக்கத்தில்; கொட்ட வந்த வண்டி என்றுதான் யாருக்கும் தோன்றும். இரண்டு நிமிடத்தில் ஏழெட்டுப் பேர் சாலையில் இறங்கிவிட்டார்கள்.

"எலே, சாவிய எடு! எங்க கொண்டு தட்டப் போற?" என்று முன்னால் வந்தவர் கட்டம்போட்ட லுங்கி கட்டியிருந்தார். மற்றவர்கள் அவரை ராஜன் என்று அழைத்தார்கள்.

வில்சன் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு ஓடிவந்தான். "மக்கா, இது தட்டதுக்கில்ல. நாங்க போற வழியாக்கும்."

"போற வழியா? ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒருத்தன் இப்பிடித்தான் சொன்னான். விடிஞ்சு பாத்தா எனக்க வாழைத்தோட்டம் முழுக்க ஆஸ்பத்திரிக் குப்பை. ஊசியும் பஞ்சும். எனக்க கால்ல குத்தி மூணு ஊசி போட்டேன். உங்க ஊருல குப்ப போட எடமில்லெங்கில் எங்க ஊருக்கு வாறதா?"

"எனக்க அம்மைக்க ஊரு இந்த வளைவாக்கும். என்னைய பாத்தா குப்ப தட்டுத ஆளு மாதிரியா இருக்கு?"

"குப்ப தட்டுதவனுக்கு நெத்தியில எழுதியா வச்சிருக்கும்?"

டீக்கடை நடத்தும் அம்மாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "போலீசுக்குப் போன் போடு ராஜா. வண்டிய ஸ்டேசன்ல கொண்டு விடட்டும்."

வில்சனின் முகம் வெளுத்துவிட்டது. லாரி காவல் நிலையத்துக்குப் போனால் திங்கட்கிழமைக்குள் வெளியே வராது. அதோடு பினுவின் வண்டிப் பதிவும் போகும். அவன் என்னைப் பார்த்தான். இத்தனை தூரம் என்னை வரவழைத்தது இந்தப் பார்வைக்காகத்தான் என்று தோன்றியது. கதவைத் திறந்தேன். லாரியிலிருந்து இறங்குவது என் வயதில் எளிதல்ல. காலை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டே இறங்கியதில் கொஞ்சம் நேரம் கிடைத்தது.

"நீரு யாரு?" என்றார் ராஜன்.

பெயரைச் சொன்னேன். நாகர்கோவில் என்றேன்.

"நம்ம ஜில்லாக்காரரு! பின்ன எதுக்கு ஓய் கேரளாக்காரனுக்க குப்பைக்குக் காவல் வாறீரு?"

நான் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். தொலைபேசியில் அந்தப் பெண் இன்னும் இருந்தார்; எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மலையாளத்தில் பேச ஆரம்பித்ததும் கூட்டம் காது கொடுத்தது. இங்கே மலையாளம் தெரியாதவர் யார்? வண்டி எங்கே ஏற்றியது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, நடுவே எங்கேயும் நிற்கவில்லை என்பதையெல்லாம் சொன்னார். ஆனால் அனுமதி இல்லாத வழியில் இனி முன்னால் போகக் கூடாது, வந்த வழியே திரும்ப வேண்டும் என்றார். முன்னால் கேரளா வெறும் முந்நூறு மீட்டர். பின்னால் ஏறக்குறைய நானூற்றைம்பது. சாலையோ லாரியைத் திருப்ப முடியாத அகலம்.

அப்போதுதான் நான் ஒன்று சொன்னேன். தைரியத்தால் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் உட்கார்ந்து என் பெயரையும் அப்பா பெயரையும் சொல்ல வேண்டி வருமே என்ற பயத்தில் சொன்னேன். "வண்டி பின்னாலேயே எல்லை வரை போகட்டும். உங்களில் இரண்டு பேர் கூடவே நடந்து வாருங்கள். ஒரு டயராவது கீழே விழுந்தால் அப்புறம் போலீசைக் கூப்பிடுங்கள். நானும் உங்களோடு நடந்து வருகிறேன்."

ராஜன் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டினார். "சரி. ஒரு டயறு எறங்கப்பிடாது, கேட்டீரா? எலே, வாருங்கலே!"

இரண்டு பேர் கேட்டேன். ஏழு பேர் வந்தார்கள். அடுத்த கால் மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். எங்களை நிறுத்தியவர்களே எங்களை ஓட்டிக்கொண்டு போனார்கள். ராஜன் லாரியின் பின்பக்கத்தைக் கையால் தட்டிக்கொண்டே, "வா... வா... வரட்டு... சவிட்டு! சவிட்டு!" என்று கத்துவார், பினு பிரேக்கைச் சவிட்டுவார். ஒருவர் முன்னே ஓடி, சாலையில் நின்ற பைக்குகளை ஒதுக்கினார். இன்னொருவர் வாழைக்குலை ஏற்றி வந்த ஆட்டோவை ஒரு வீட்டு முற்றத்துக்குள் தள்ளினார். அந்த வீட்டுக்காரர், "எனக்க முற்றத்துல எதுக்குலே?" என்று கேட்க, "கேரளா பின்னால வருது, ஒதுங்கும்!" என்று பதில் வந்தது. நான் குடையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். டயர் விழுகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பாயிற்றே.

ரப்பர் கூடத்துக்குக் கொஞ்சம் முன்னால், மதிலோரம் பாதி புதைந்து ஒரு கருங்கல். ராஜன் கையைத் தூக்கினார். "அவ்வளவுதான். எல்லை தீந்து."

பினு தொலைபேசியை எட்டிப் பார்த்தார். "இல்ல சேட்டா. இதுல இப்பளும் தமிழ்நாடுண்ணுதான் காட்டுது."

"போனுக்கு என்ன தெரியும்? எனக்க அப்பன் இந்தக் கல்லுல இருந்தாக்கும் பல்லு தேய்ப்பாரு. தமிழ்நாட்டுல இருந்து கேரளாவுல துப்புவாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். பினுவும். ஆனால் கருவி ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு தென்னை மரத் தூரம் பின்னால் போன பிறகுதான் திரையில் சிவப்பு மாறிப் பச்சை வந்தது. அந்த இடைவெளி யாருடையது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வரைபடத்தை வீட்டில் வைத்து மூன்று முறை பார்த்துவிட்டேன்.

பச்சையைப் பார்த்ததும் ராஜனின் குரலே மாறிவிட்டது. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "சாரே, எனக்க வீட்டுக்குப் பொறத்த நாலு டயறு கெடக்கு. மழத்தண்ணி கெட்டி நிக்குது. பிள்ளைய உள்ள வீடு. ஒரு ஓரமா ஏத்திக்கிடுவியளா?"

பினு இரண்டு கையையும் கூப்பினார். "பொன்னு சேட்டா, என்னெக் கொல்லல்லே."

தமிழ்நாட்டு டயர் இந்த வண்டியில் ஏறினால் எடை தவறும், படம் தவறும் என்று நான் விளக்கினேன். உங்கள் ஊராட்சியில் கேளுங்கள், அங்கேயும் இப்படி ஏற்பாடு இருக்கும் என்றேன். இருக்கிறதா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது, அதையும் சொன்னேன்.

ராஜன் லாரியை ஒருமுறை பார்த்தார். "நாங்க எறக்க விடல்ல. நீங்க ஏத்த விடல்ல. நல்ல எல்லையாக்கும் இது." பிறகு வில்சனின் தோளில் தட்டிவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார்.

இந்த முறை வில்சன் லாரிக்குப் பின்னால் வந்தான்.

அமரவிளை எடைமேடையில் ஒரு மணிக்கு எடை போட்டார்கள். மறுபடி நான்கு பக்கமும் படம். அந்தப் பெண் படங்களை ஒப்பிட்டுவிட்டு, டயர்கள் சரியாக இருக்கின்றன என்று தொலைபேசியில் சொன்னார். ஆனால் அனுமதியில்லாத இடத்தில் வண்டி நின்றதற்கு விளக்கம் பதிவு செய்ய வேண்டும். அதை ஆலை ஏற்றுக்கொண்டால்தான் சான்று வரும். வழி மாறியது ஏன் என்று வில்சனிடம் கேட்டார். நான் பக்கத்தில் நின்று, போக்குவரத்து நெரிசல் என்று சொல்லச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வில்சன் அதற்குள் பேசிவிட்டான்.

"தெரியாத வழியில ஒண்ணும் போவல்ல மேடம். நல்லா தெரிஞ்ச வழியாக்கும். எனக்க அம்மைக்க வீட்டுக்குப் போற வழி. அது வேற ஸ்டேட்டுண்ணு எனக்கு நெனப்பு வரல்ல."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் மலையாளத்தில், அதை அப்படியே எழுதிவிடுகிறேன் என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது.

லாரி வடக்கே போயிற்று. வில்சன் கடைக்குத் திரும்பினான். அவனுக்குப் பசியே இல்லையாம். நான் அமரவிளையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் பேருந்தில் போனேன், பத்து ரூபாய். பாலத்தில் போகும்போது கீழே நெய்யாறு மழைநீரில் சிவந்து ஓடிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையம் அருகே ஒரு சிறிய ஓட்டலில் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும், கொஞ்சம் சோறும். நூற்று முப்பது ரூபாய். குழம்பில் குடம்புளி தூக்கலாக இருந்தது. லில்லி இருந்திருந்தால் அவளுடைய கிழங்கில் பாதியை என் தட்டில் தள்ளியிருப்பாள்.

திரும்பும் ரயில் நாலு இருபதுக்கு. பதினைந்து ரூபாய். வில்சன் என் தொலைபேசிக்கு ஒரு இணைப்பு அனுப்பியிருந்தான். அதைத் தொட்டால் லாரி போகும் இடம் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிகிறது. நான் தெற்கே போகிறேன். புள்ளி வடக்கே போகிறது. குழித்துறை வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கொல்லத்துக்கு முன்னால் ஓர் இடத்தில் புள்ளி அசையாமல் நின்றது. டீயாக இருக்கலாம், பஞ்சராகவும் இருக்கலாம். டயர் ஏற்றிய வண்டிக்குப் பஞ்சர் வராது என்று விதியா என்ன? மாமனார் கடை வாசலில் நின்று திரும்பி வரும் பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன். அவருக்குப் புள்ளி இல்லை. கண்டக்டரின் குரல் மட்டும்தான். பிறகு தொலைபேசியில் மின்னேற்றம் தீர்ந்துவிட்டது.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பாறசாலையிலிருந்து குன்னத்துகால் பக்கம் பேருந்துகள் உண்டு. ஆட்டோ அவசரத்துக்கு மட்டும். எல்லைக் கிராமங்களில் நடப்பதானால் நல்ல செருப்பும் குடையும் போதும். தமிழில் கேட்டால் தமிழில், மலையாளத்தில் கேட்டால் மலையாளத்தில் வழி சொல்வார்கள்; ஆனால் எந்த மாநிலத்தில் நிற்கிறீர்கள் என்று அவர்களிடம் கேட்காதீர்கள், அது அவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை. வீட்டில் பழைய டயர் கிடந்தால் முதலில் நீரைக் கவிழ்த்துவிடுங்கள். பிறகு பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ கேட்டு, பதிவு பெற்றவர்களிடம் கொடுங்கள். சும்மா எடுத்துப் போகிறேன் என்று வருபவரிடம், எங்கே கொண்டுபோகிறாய் என்று ஒரு கேள்வி கேளுங்கள். வில்சன் கேட்டான், அதனால்தான் சொல்கிறேன்.

வீடு வந்து சேர ஆறு இருபது. தொலைபேசியை மின்னேற்றத்தில் போட்டுவிட்டு, கைகால் கழுவி, பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். திரையில் உயிர் வந்ததும் அது அடித்தது. வில்சன்தான்.

"எத்தன மட்டம் விளிச்சேன் அத்தான்! அஞ்சரைக்கே உள்ள கேறியாச்சு. வெளக்கத்தையும் ஏத்துக்கிட்டினும். சான்று எனக்க போனுக்கு வந்தாச்சு. திங்கக்கிழம அவரு வரட்டு, காட்டுதேன்."

நல்லது என்றேன். அவன் வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"டயறு சேர்ந்தாச்சு. நீங்க சேர்ந்தாச்சா?"

மூன்று வருடமாக யாரும் என்னைக் கேட்காத கேள்வி. தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன். வில்சன் மறுமுனையில் "அத்தான்? அத்தான்?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சேர்ந்தாச்சு" என்றேன்.